கல்லில் காடு கண்டவர்

எங்கள் நிலவியல் துறை அருங்காட்சி அறையில், கதவோரக் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய களிப்பாறைத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன்மேல் சீப்புப் பற்கள்போல ஓர் இலையின் பதிவு. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் கிடைத்தது, பெயர் டைலோஃபில்லம். முதலாண்டில் நான் அதை ஈச்சங்கன்றின் இலை என்று சொல்லப்போக, வகுப்பே சிரித்தது. அவ்விலைக்குரிய தாவரத்தை முழு உருவில் உலகுக்குக் காட்டியவர் ஓர் இந்தியர் என்றார் ஆசிரியர். அன்று தொற்றிய ஆர்வமே இக்கட்டுரை.

பீர்பால் சாஹ்னி 1891 நவம்பர் 14 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருசிராம் லாகூரில் வேதியியல் பேராசிரியர். லாகூரில் பட்டம் பெற்று 1911 இல் கேம்பிரிட்ஜ் சென்ற சாஹ்னி, தொல்தாவர அறிஞர் சீவார்டிடம் பயின்றார். 1919 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டத்துடன் தாயகம் திரும்பினார். 1921 இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவரானார். இறுதிவரை அந்நகரே அவருடைய களம். 1936 இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் பதவி அவரைத் தேடி வந்தது.

பட்டங்களை விடுங்கள், வேலைக்கு வருவோம். புதைபடிவத் தாவரம் பெரும்பாலும் முழுதாகக் கிடைப்பதில்லை. இலை ஓரிடத்தில், தண்டு வேறிடத்தில், பூ மற்றோரிடத்தில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுகிறோம். இடிந்த வீட்டின் கதவை ஒரு தெருவிலும் ஓட்டை இன்னொரு தெருவிலும் கண்டெடுத்து, இரண்டும் வெவ்வேறு வீடுகள் என்று கணக்கெழுதுவது போன்றது இது. ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த கல்லாகிய தண்டினை மென்சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆய்ந்த சாஹ்னி, டைலோஃபில்லம் இலையும், பக்லாண்டியா தண்டும், வில்லியம்சோனியா பூவும் ஒரே தாவரத்தின் உறுப்புகள் என்று 1932 இல் நிறுவினார். அதற்குத் தம் ஆசிரியர் சீவார்டின் பெயரையே சூட்டினார். 1948 இல் அதே குன்றுகளிலிருந்து பென்டாக்சிலியே என்னும் புதிய தாவரத் தொகுதியையும் அறிவித்தார். தண்டுக்குள் பெரும்பாலும் ஐந்து மரக்கூறுகள் இருப்பதால் அப்பெயர். இடையே, ரோத்தக் நகருக்கருகே கொக்ராக்கோட் மேட்டில் பழங்கால நாணய வார்ப்பச்சுகளைக் கண்டு, நாணயம் வார்த்த முறையைப் பற்றியும் ஒரு நூல் எழுதிவிட்டார். கல்லைத் தேடிப் போனவர் கண்ணுக்கு மண்ணும் தப்பவில்லை!

ஆனால் என்னை மிகவும் ஈர்த்தது அவர் தவறிய இடம்தான். பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் உப்புப் படுகைகள் கேம்பிரியப் பாறைகளுக்கு அடியில் கிடக்கின்றன. சாஹ்னி அந்த உப்பைக் கரைத்துப் பார்த்தபோது, பூக்கும் தாவரங்களின் நுண்துணுக்குகளும் பூச்சிகளின் சிதைவுகளும் தென்பட்டன. கேம்பிரியக் காலத்தில் பூக்கும் தாவரம் ஏது? ஆகவே உப்பு இயோசீன் காலத்தது, பழம்பாறை பின்னர் அதன்மேல் ஏறிக்கொண்டது என்று வாதிட்டார். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் இதற்கென்றே கருத்தரங்குகள் நடந்தன. புறத்தூசு கலவாதிருக்க அவர் மிகுந்த கவனம் எடுத்தும், அத்துணுக்குகள் பின்னாளில் உட்புகுந்தவை என்பதே இன்று ஏற்கப்பட்ட முடிவு. உப்பு பழமையானதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு உடல் கூசியது. காரணம் உண்டு. சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சிய வண்டலில் ஒரு மகரந்தத் துகளைக் கண்டு, கிரெட்டேசியக் காலத்துப் பூவைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். ஆசிரியர் நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு பேசாமல் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே சவுக்கு மரங்கள் பூத்து நின்றன. குடுவையை மூடாமல் இரவு முழுவதும் விட்டிருந்தவன் நானே. கற்றுக்குட்டி எனக்கும் அப்பேரறிஞருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. எனினும் வழுக்கிய சேறு ஒன்றே என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

1949 ஏப்ரல் 3 அன்று லக்னோவில் அவர் கனவு கண்ட தொல்தாவரவியல் ஆய்வகத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அக்கல்லில் பல காலத்துப் புதைபடிவங்களைப் பதித்திருந்தார் சாஹ்னி. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 10 அன்று மாரடைப்பால் மறைந்தார், வயது 57. கட்டடம் எழவேயில்லை. எழுப்பியவர் மனைவி சாவித்திரி. அறிவியல் ஆய்வாளரல்லாத அவ்வம்மையார் ஆய்வகத்தைத் தாங்கி நின்றதைச் சாஹ்னியின் கண்டுபிடிப்புகளுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன். இன்று அவ்வாய்வகத்தில் ஏரிச் சேற்று மகரந்தத்தைக் கொண்டு பழைய பருவமழையைக் கணிக்கிறார்கள். தொன்மை எலும்புகளின் மரபணுவையும் படிக்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டில் அதே சுண்ணாம்புக்கல்லை மீண்டும் கரைத்தேன். இம்முறை குடுவைக்கு மூடி போட்டு, பக்கத்தில் வெறும் நீர் நிரப்பிய இன்னொரு குடுவையைத் திறந்து வைத்தேன். விடியற்காலை பார்த்தபோது, சவுக்கின் துகள்கள் திறந்த குடுவையில் மட்டும் மிதந்தன.