மைக்கறையில் மனதைத் தேடிய டாக்டர்

தென்காசியில் ரெயிலை விட்டு இறங்கியதுமே குற்றால மலை தெரியும். சாரல் காலத்தில் முகட்டில் மேகம் தவழும். அண்ணாந்து பாருங்கள். உங்களுக்கு அது யானை. பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவிரித்த கிழவி. மேகம் ஒன்றுதான். பார்க்கும் மனம்தான் வேறு.

மனம் கலங்கியவர்களை அருவியில் குளிக்க வைத்தால் தெளியும் என்று நம்பி, அதே குற்றாலத்துக்கு அழைத்து வருவதும் உண்டு. ஒருவர் மனம் கலங்கியவர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு வழி தேடியவர்தான் ஹெர்மன் ரோர்ஷாக்.

சுவிட்சர்லாந்தில், ஜூரிச் நகரில் 1884-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பிறந்தார். தந்தை ஓவிய ஆசிரியர். 12 வயதில் தாயையும், 18 வயதில் தந்தையையும் இழந்தார். காகிதத்தில் மையைச் சொட்டி மடித்துப் பிரித்தால், இருபுறமும் ஒன்றுபோல் உருவம் வரும் அல்லவா? அந்நாட்டில் அது ஒரு விளையாட்டு. பள்ளித் தோழர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயரே மைக்கறை!

டாக்டரானார். ஓல்கா என்ற ரஷியப் பெண்ணை 1910-ல் மணந்தார். மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகள் சிரிக்கட்டும் என்று ஒரு குரங்கை வாங்கி வந்து வளர்த்தார். (குற்றாலத்துக் குரங்குகளிடம் பையைப் பறிகொடுத்தவர்கள் இந்த வைத்தியத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!)

பத்து அட்டைகள்

மைக்கறைப் படங்களை 400 பேரிடம் காட்டினார். நோயாளிகளும் இருந்தனர், நல்ல நிலையில் உள்ளவர்களும் இருந்தனர். வௌவால் என்றார் ஒருவர். வண்ணத்துப்பூச்சி என்றார் மற்றொருவர். என்ன பார்த்தார் என்பதைவிட, எப்படிப் பார்த்தார் என்பதையே ரோர்ஷாக் கணக்கிட்டார். முழுப் படத்தையும் பார்த்தாரா, ஒரு மூலையை மட்டுமா? உருவம் அசைவதாகத் தோன்றியதா? நிறம் மனதைத் தொட்டதா?

செலவுக்குப் பயந்து பிரசுரகர்த்தர்கள் தயங்கினர். 1921-ல் பத்துப் படங்களுடன் புத்தகம் வந்தது. வாங்க ஆள் இல்லை. ஆராய்ச்சி முடியவில்லை, இது தொடக்கமே என்பதை ரோர்ஷாக் அறிந்திருந்தார். ஆனால் மறு ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, குடல்வால் வெடித்து அவர் காலமானார். வயது 37. மனைவியும் இரு குழந்தைகளும் தவித்து நின்றனர்.

ஐந்தருவி போல

குற்றாலத்து ஐந்தருவியில் ஒரே தண்ணீர் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. ரோர்ஷாக் சோதனைக்கும் அதே கதி. அமெரிக்காவில் ஐந்து விதமான கணக்கு முறைகள் கிளம்பின. அட்டைகள் அதே பத்து. மதிப்பெண் மட்டும் முறைக்கு முறை வேறு. ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால் நெல்லை எப்படி ஒப்பிடுவது? இங்கே அளக்கப்பட்டது நெல் அல்ல, மனிதனின் மனம்.

எக்ஸ்னர் என்ற நிபுணர் ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1974-ல் ஒரே முறையாகத் திரட்டித் தந்தார். இனிக் குழப்பம் இல்லை என்று நினைத்தார்கள். பிறகுதான் புதுச் சங்கடம் எழுந்தது. அந்தக் கணக்கின்படி, ஒரு குறையும் இல்லாத சாதாரண மக்களில் பலரும் நோயாளிகள் போலத் தெரிந்தார்கள்! கடும் வாதம் நடந்தது. 2011-ல் அளவுகளைத் திருத்தி மற்றொரு முறை வந்தது.

ஆகவே பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து, நோய் கூடிற்று, குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. எந்த முறைப்படி கணக்கிட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். நோயாளியிடமும் வீட்டாரிடமும் பொறுமையாகப் பேச வேண்டும். கையில் இருப்பது மட்டும், 37 வயதில் மறைந்த டாக்டர் விட்டுச் சென்ற அதே பத்து அட்டைகள்.