அண்ணல் கண்ட நோயும் ஆற்றிய பணியும்

அரசியல் சட்டம் தந்த அண்ணல் அம்பேத்கரை அறியாதார் நம்மில் யார்? ஆனால் அச் சட்டம் உருவான நாட்களில் அவர் நீரிழிவு நோயாளி என்பதை அறிந்தோர் சிலரே. நானும் அண்மையில்தான் அறிந்தேன்.

அறிய வேண்டிய நிலை எனக்கு வந்தது. சென்ற மாதம் என் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகச் சோதனை கூறிற்று. எனக்கு வயது 23. முதல் வகையா, இரண்டாம் வகையா என்பது இன்னும் முடிவாகவில்லை. எதிர்ப்பொருள் சோதனையின் விடை வரவேண்டும். வாழ்நாளெல்லாம் ஊசியா, மாத்திரை போதுமா? ஊரிலுள்ள அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இக் கேள்விகளோடு ஆஸ்டின் டவுன் அறையில் உறங்காதிருந்த இரவுகளில் அவர் வாழ்வைப் படித்தேன்.

1891 ஏப்ரல் 14இல் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார் பீமராவ். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் அவருக்குத் தடை. அப் பிள்ளைதான் கொலம்பியாவிலும் லண்டனிலும் உயர் பட்டங்கள் பெற்றார். 1927இல் மகாட் குளத்து நீருக்காக மக்களைத் திரட்டினார். 1935இல் மனைவி ரமாபாய் மறைந்தார். 1947 ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார்.

அந் நேரத்தில்தான் உடல் தளர்ந்தது. நீரிழிவு, கால்களில் வலி, இரவில் உறக்கமின்மை. ஆயினும் 1948 பிப்ரவரியில் வரைவு முடிந்தது. பம்பாயில் மருத்துவம் பெற்றபோது அறிமுகமான டாக்டர் சாரதா கபீரை அவ்வாண்டு ஏப்ரல் 15இல் மணந்தார். சவிதா என்று பெயர் பெற்ற அவ்வம்மையார் அவருடைய உணவையும் மருந்தையும் தம் பொறுப்பில் கொண்டார்.

குழுவில் எழுவர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். மற்றவர்க்கு வேறு பணி, தொலைவு, உடல்நலக் குறை. பாரமெல்லாம் அம்பேத்கர் தோளிலேயே விழுந்தது என்று அவையில் எடுத்துரைத்தவர் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவையில் எழுப்பப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. 1949 நவம்பர் 26இல் சட்டம் நிறைவேறிற்று.

அந் நாளைய மருத்துவத்தை எண்ணிப் பாருங்கள். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து வீட்டிலேயே அளவறியும் கருவி இல்லை. சிறுநீரை நீலக் கரைசலோடு காய்ச்சி, அது பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்ப்பதே வழி. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனையும் கிடையாது. இன்று எனக்குத் தெரியாதது கொஞ்சம். அன்று அவர்க்குத் தெரியாதது மிகுதி.

அவர் நோயை வென்றார் என்று நான் எழுத மாட்டேன். அது பொய். பார்வை மங்கிற்று, 1954இல் பல மாதம் படுக்கையில் கிடந்தார். ஆயினும் 1951இல் தொடங்கிய புத்தரைப் பற்றிய நூலை 1956இல் முடித்தார். பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் எண்ணிய நாட்களும் இடையே இருந்தன. தம்மைக் காத்துத் தந்தவர்கள் மனைவியும் டாக்டர் மால்வங்கரும் என்று அதன் முன்னுரையில் நன்றி கூறினார். அவ்வாண்டு அக்டோபர் 14இல் நாகபுரியில் பெருந்திரளான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல், 65ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

தோழர்களே, அவர்போல் இரவெல்லாம் விழித்திருங்கள் என்று சொல்லவில்லை. அந்த விழிப்புக்கு அவருடல் கொடுத்த விலை பெரிது. நான் கற்றவை இரண்டு. நாளை தெளியும் என்று இன்றைய வேலையை அவர் நிறுத்தவில்லை. உதவும் கையை உதறவும் இல்லை. இன்சுலின் 1921இலேயே வந்துவிட்டது. மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறீர்கள். விடை எதுவாயினும் வரட்டும். அதுவரை வேளைக்கு உண்பேன், காலையில் நடப்பேன், ஆய்வுக்கூடம் செல்வேன். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.