கங்கை நீரைக் கொண்டு வந்த மன்னன்

ஆவடியில் அரக்கோணம் செல்லும் ரெயிலில் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டிச் சில நிலையங்களில் திருவாலங்காடு வந்துவிடும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஊர்.

1905-ம் ஆண்டில் அங்கே ஒரு புதையல் கிடைத்தது. பொன் அல்ல, செம்பு!

மொத்தம் 31 செப்பேடுகள். கனத்த வளையம் ஒன்றில் அவை கோக்கப்பட்டு இருந்தன. வளையத்தில் சோழரின் முத்திரை இருந்தது.

பழையனூர் என்னும் கிராமத்தைத் திருவாலங்காட்டுக் கோவிலுக்குக் கொடுத்த பத்திரம் அது. ஆனால் ஒரு கிராமத்தின் பத்திரத்தோடு, ஒரு பேரரசனின் கதையும் அதில் எழுதப்பட்டு இருந்தது.

அவன்தான் முதலாம் ராஜேந்திர சோழன்.

காத்திருந்த இளவரசன்

தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜனின் மகன் அவன். தாய் வானவன் மாதேவி. பிறந்தது திருவாதிரை நட்சத்திரத்தில்.

ஆலமரத்தின் அடியில் வேறு மரம் வளராது என்பார்கள். ராஜராஜன் பெரிய ஆலமரம். அவன் நிழலில் ராஜேந்திரன் வெகு காலம் காத்திருந்தான். படைகளை நடத்தினான். போர்க்களம் கண்டான். 1012-ல்தான் அவனுக்கு இளவரசுப் பட்டம் கிடைத்தது. 1014-ல் தந்தை மறைந்தபோது அவன் வாலிபன் அல்ல, பக்குவப்பட்ட மனிதன்.

சிற்றன்னை பஞ்சவன் மாதேவியிடம் அவனுக்கு மிகுந்த அன்பு. அவள் நினைவாகப் பழையாறைப் பகுதியில் ஒரு பள்ளிப்படைக் கோவில் கட்டினான். பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் அது இன்றும் இருக்கிறது. வாளேந்திய கை, அன்னைக்குக் கோவிலும் எடுத்தது.

முதலில் இலங்கை. பாண்டிய மன்னன் ஒருவன் சோழருக்குப் பயந்து ஓடியபோது, தன் மணிமுடியை இலங்கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். அதைக் கைப்பற்ற முதலாம் பராந்தக சோழன் முயன்று தோற்றான். பல ஆண்டு கழித்து ராஜேந்திரனின் படை அந்த முடியைக் கொண்டு வந்தது. இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். சோழ நாட்டிலேயே அவன் உயிர் பிரிந்தது.

குடங்களில் கங்கை

அடுத்து அவன் பார்வை வடக்கே திரும்பியது.

கங்கை நீர் வேண்டும்! தன் நாட்டைப் புனிதமாக்க அந்த நீர் வேண்டும் என்று மன்னன் விரும்பினான். ரெயில் இல்லாத காலம். சாலையும் சரியாக இல்லாத காலம். படை புறப்பட்டது. கலிங்கம், ஒட்டர நாடு ஆகியவற்றைக் கடந்து வங்காளம் சென்றது. வங்காள மன்னன் மகிபாலன் தோற்றான். ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் காத்திருந்து, நீரோடு திரும்பிய தளபதியை வரவேற்றான். இது 1023-ம் ஆண்டை ஒட்டி நடந்தது.

தோற்ற அரசர்கள் நீர்க்குடங்களைச் சுமந்து வந்தார்கள் என்கிறது செப்பேடு. அரசவைப் புலவர் சற்றுக் கூட்டியும் சொல்லியிருக்கலாம்! ஆனால் படை போய் வந்ததில் சந்தேகம் இல்லை.

வெற்றி பெற்ற அரசர்கள் கல்லில் தூண் நாட்டுவது வழக்கம். ராஜேந்திரன் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று அதற்குப் பெயர். அதையே தன் வெற்றித்தூணாகக் கொண்டான்.

ஏரிக்குப் பக்கத்தில் புதிய தலைநகரம் எழுந்தது. அதுதான் கங்கைகொண்ட சோழபுரம்.

காவிரி பாயும் தஞ்சையை விட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே வறண்ட மேட்டு நிலத்துக்கு ஏன் வந்தான்? காரணம் பலவாறு சொல்வார்கள். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் நகரம் அமைக்க நினைத்தவன், முதலில் தண்ணீருக்கு வழி செய்தான் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஏரிக்கரை சுமார் 16 மைல் நீளம் என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் கால்வாய் வந்தது என்றும் 19-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. இப்போது அந்த ஏரிக்குப் பெயர் பொன்னேரி.

1025-ல் அவன் கப்பற்படை கடல் கடந்தது. மலேயாவில் உள்ள கடாரத்தை வென்றது. 1033-ல் அவன் தூதர்கள் சீனம் வரை சென்றார்கள்.

இன்று பார்த்தால்...

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தலைநகரம். சுமார் 250 ஆண்டு சோழர் அங்கிருந்து ஆண்டார்கள். 1279-க்குப் பின் சோழ அரசே மறைந்தது.

இன்று போகிறவர்கள் காண்பது ஒரு பெரிய கோவில். விமானத்தின் உயரம் சுமார் 180 அடி. தஞ்சை விமானத்தைவிடக் குறைவு. தந்தையை மிஞ்ச மகன் விரும்பவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கோவில் சுவரில் சிவபெருமான் சண்டேசர் தலையில் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அதை அவசியம் காட்ட வேண்டும்.

அரண்மனை எங்கே? பக்கத்தில் மாளிகைமேடு என்று ஓர் இடம் உண்டு. 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியது. செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்து சென்ற மன்னனின் மாளிகையில் மிஞ்சியது முழங்கால் உயரச் சுவர்!

கோவிலும் தப்பவில்லை. 1836-ல் வெள்ளையர் ஆட்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் தேவைப்பட்டது. கோவில் மதிலையும் வாயில் கோபுரத்தையும் உடைத்துக் கற்களைக் கொண்டு போனார்கள். தண்ணீருக்காக நகரம் கண்டவனின் மதில், தண்ணீரைத் தேக்கவே போய்ச் சேர்ந்தது. கொடுமைதான், ஆனால் அந்த அணை நீரில் இன்றும் நெல் விளைகிறது.

கடைசி நாள்

1044-ல் ராஜேந்திரன் மறைந்தான். இறந்தது தலைநகரில் அல்ல. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரம்மதேசத்தில்.

அரசி வீரமாதேவி கணவனோடு தீயில் இறங்கினாள். இருவரையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

அரசியின் உடன்பிறந்தான் சோழப் படையில் ஒரு தலைவன். தங்கள் குடும்பத்தில் இரண்டு உயிர் ஒரே நாளில் போன துக்கம் அவனுக்கு. இறந்த இருவரின் தாகம் தணிய வேண்டும் என்று எண்ணி, அவன் அந்த ஊரில் ஒரு தர்மம் ஏற்படுத்தினான். அதைக் கூறும் கல்வெட்டு பிரம்மதேசத்துக் கோவிலில் இருக்கிறது.

அவன் வைத்தது ஒரு தண்ணீர்ப் பந்தல்.