இரட்டைமலை சீனிவாசனும் ஈடு செய்யப்படாத நிலமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவும் அதைச் சூழ்ந்த திருச்சி நன்செய்யும் செழிப்புக்குப் பெயர்பெற்றவை. அந்தச் செழிப்பை உருவாக்கிய உழைப்பாளிகளுக்கு நிலம் உரிமையாக இருந்ததில்லை. இம்மாவட்டத்து நன்செய் கிராமங்களில் நிலம் விற்கப்பட்டபோது, அதில் உழைத்த பண்ணையாட்களும் சேர்ந்தே கைமாறினர் என்பதை 1819-ஆம் ஆண்டு வருவாய் ஆவணங்கள் காட்டுகின்றன.

1833-இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த பிரிட்டன், 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அத்தொகை சேர்ந்தது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. இந்தியாவில் 1843-இல் வந்த சட்டமோ, அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்பதோடு நின்றது. விடுதலை கிடைத்தது, பிழைக்க நிலம் கிடைக்கவில்லை.

அந்த வெறுங்கை விடுதலைக்குப் பின் எழுந்த குரல்களில் முதன்மையானது திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனுடையது. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் 1859-இல் பிறந்தவர். கோவையில் பயின்று, நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியவர். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 'பறையன்' இதழை வெளியிட்டார்.

சபை பிறந்த அதே 1891-இல், செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், நிலமற்ற அம்மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவே 1892-ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணை. பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது அதன் நிபந்தனை. ஆனால், அரசு வழங்கியது தரிசு நிலத்தை. தலைமுறைகளாக அவர்கள் உழைத்த நன்செய் அப்படியே பழைய உடைமையாளர்களிடம் இருந்தது. நீரும் கடனும் இல்லாத தரிசு, வறட்சியிலும் நோயிலும் முதலில் கைவிட்டுப் போகும் சொத்து. நிபந்தனையை மீறி அந்நிலங்களில் பெரும்பகுதி பிறரிடம் போய்ச் சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனிவாசன் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அவர் அங்கிருந்த காலத்தில்தான், 1913-இல், கருப்பின மக்களின் நிலவுரிமையை நாட்டின் மிகச் சிறிய பகுதிக்குள் சுருக்கிய சட்டம் வந்தது.

தாயகம் திரும்பி, 1923-இல் சென்னை சட்ட மேலவையில் இடம்பெற்றார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் எல்லோருக்கும் உரியவை என்ற அவருடைய தீர்மானம் 1924-இல் நிறைவேறியது. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் பங்கேற்றார். 1932-இல் பூனா ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். 1945-இல் மறைந்தார்.

தென்னாப்பிரிக்கா 1994-இல், 1913-க்குப் பின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் பறிக்கப்பட்ட நிலத்தைத் திருப்பித் தரவோ, மாற்று நிலமோ பணமோ வழங்கவோ சட்டம் இயற்றியது. அதன் செயலாக்கத்தில் தாமதங்கள் உண்டு. ஆனால், கடன் இருப்பதை அந்நாடு ஒப்புக்கொண்டது. அதே 1994-இல், சீனிவாசன் பிறந்த செங்கல்பட்டு மண்ணில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியோர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலத்தில் அவர்கள் வசமிருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. கல்வியும் வேலைவாய்ப்பும் தரும் இடஒதுக்கீடு வருமானத்தைச் சீர்செய்யும். வருமானம் ஒரு தலைமுறையில் உயரலாம். சொத்து தலைமுறைகளில்தான் சேரும். இழந்த தலைமுறைகளுக்கு ஈடு எது என்ற கேள்விக்கு இடஒதுக்கீடு மட்டும் விடையாகாது.

இன்றைய உடைமையாளர்கள் முன்னோரின் செயலுக்குப் பொறுப்பாவார்களா என்ற கேள்வி நியாயமானதே. பஞ்சமி நிலத்துக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அது அரசு எழுத்தில் கொடுத்த நிலம். நிபந்தனையும் எழுத்தில் உள்ளது. திருச்சி உள்பட எல்லா மாவட்டங்களிலும் வட்டவாரியாக அந்நிலங்களின் பட்டியலையும் இன்றைய அனுபவதாரர் விவரத்தையும் அரசு வெளியிட வேண்டும். மீட்ட நிலத்தைப் பாசனமும் கூட்டுறவுக் கடனும் சேர்த்தே வழங்க வேண்டும். இல்லையேல் 1892-இல் நடந்த தவறே மறுபடியும் நடக்கும்.