உழைப்போர் உள்ளம் அறிந்த ஜாம்ஷெட்ஜி டாட்டா

மல்லேசுவரத்தை அடுத்து, மரங்கள் அடர்ந்த சோலையினிடையே விளங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நம் பெங்களூர்வாசிகள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்றே வழங்குவர். 1909-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கழகத்திற்கு வித்திட்ட வள்ளல் ஜாம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாட்டா. அன்னாரின் கொடைச் சிறப்பை யாவரும் அறிவர். வேலையாட்கள் தம்மை விட்டு நீங்காவண்ணம் அவர் நடந்துகொண்ட பெருந்தன்மையை அறிந்தோர் சிலரே.

அவர் 1839 மார்ச்சு 3-ஆம் நாள் குஜராத்திலுள்ள நவசாரியில் பார்சி புரோகிதர் மரபில் தோன்றினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, தந்தையாரின் வாணிகத்தில் பழகி, 1868-இல் 21,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கினார். பருத்தி விளையும் பகுதியிலேயே ஆலை அமைவது நலமெனக் கருதி நாகபுரியைத் தேர்ந்தார். 1877 ஜனவரி முதல் நாள் அங்கே எம்பிரஸ் ஆலை திறக்கப்பெற்றது. அதன் நிர்வாகியாக அவர் அமர்த்திய பெஜோன்ஜி மேத்தா முன்னர் ரயில்வேயில் பணியாற்றியவர் என்பது எம்போன்ற ரயில்வே சிப்பந்திகளுக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

ஆலை எழுந்தது, ஆட்களோ நிலைக்கவில்லை. நாள்தோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் வேலைக்கு வருவதில்லை. அபராதம் விதித்து அச்சுறுத்துவது அக்காலத்து ஆலைகளில் சாதாரணம். டாட்டா அவ்வழியை நாடவில்லை. வேலைக்கு வாராமையும் வாய்திறவாத ஒரு முறையீடே அன்றோ? அம்முறையீட்டுக்குத் தண்டனையால் அன்றி நன்மையால் அவர் விடையளித்தார். ஆலைக்குள் நல்ல காற்றோட்டத்திற்கும், தீ விபத்தைத் தடுக்கும் கருவிகளுக்கும் ஏற்பாடு செய்தார். 1886-இல் ஓய்வூதிய நிதியை ஏற்படுத்தினார். 1895 முதல் வேலையில் விபத்துற்றோர்க்கு ஈட்டுத்தொகை வழங்கலானார். இதற்கெனச் சட்டம் பிறந்தது 1923-இல்தான் என்பதை நினைத்தால் அவருடைய முன்னோக்கு விளங்கும். குடும்பத்தினரும் கூடி மகிழும் விளையாட்டு விழாக்களை நடத்தித் தங்கச் சங்கிலி, கடிகாரம் முதலிய பரிசுகளும் அளித்தார்.

இவையெல்லாம் வீண்செலவு என்று எண்ணுவோர் இருக்கலாம். ஆயினும் எம்பிரஸ் ஆலை நட்டத்தில் வீழவில்லை. நல்ல இலாபம் ஈட்டிய ஆலைகளுள் ஒன்றாகவே திகழ்ந்தது.

1904 மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் அவர் காலமானார். தாம் விரும்பிய விஞ்ஞானக் கழகத்தையும் இரும்பாலையையும் கண்ணாரக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நம் காலனியில் உழைத்துண்போரே மிகுதி. நம் பிள்ளைகளுள் பலர் நாளை பத்துப் பேருக்கு மேலாளராய் அமரக்கூடும். ஒருவன் வேலைக்கு வாராதபோது, அவனுக்கு என்ன தண்டனை என்று கேட்பதற்கு முன், அவனுக்கு என்ன குறை என்று அவர்கள் கேட்பார்களாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.