மணற்கடல் கடந்த பாக்னோல்டு

நம் பழந்தமிழ் நூல்கள் பாலை எனக் கூறும் நிலம், முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெப்பத்தால் வளங்குன்றி அடையும் ஒரு நிலையேயன்றித் தனித்து நிற்பதோர் நிலம் அன்று. மழை பெய்தால் அது மீண்டும் தளிர்க்கும். எகிப்து நாட்டின் மேற்கே லிபியப் பாலை என வழங்கும் பெருவெளியோ என்றும் பாலையாகவே கிடப்பது. அதன் சில பகுதிகளில் ஆண்டுகள் பல கழிந்தும் ஒரு துளி மழை வீழ்வதில்லை. அவ்வெளியின் நடுவே, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 400 மைல் நீண்டு, அலைமேல் அலையாக மணற்குன்றுகள் நிரைநிரையாக நிற்கும் ஓரிடம் உண்டு. அதனைப் பெருமணற்கடல் என்பர். 1874-ஆம் ஆண்டில் ரோல்ப்ஸ் என்னும் ஜெர்மானிய யாத்திரிகர் ஒட்டகங்களோடு அதனைக் குறுக்கே கடக்க முயன்றார். இயலாமையால் குன்றுகளின் இடைவெளி வழியே வடக்கே திரும்பிச் சீவா என்னும் நீர்வளமுடைய ஊரை அடைந்தார். ஒட்டகத்திற்கும் அரிதாகிய அவ்வழியில் மோட்டார் வண்டியைச் செலுத்திக் காட்டியவர் ரால்ப் பாக்னோல்டு என்பவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

பாக்னோல்டு 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்தில் டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவர் தந்தையார் படைப்பொறியாளர். கார்ட்டூம் நகரில் முற்றுகையுண்ட கார்டன் தளபதியை மீட்கச் சென்ற படையில் பணிபுரிந்தவர். தமக்கையார் ஈனிட் பாக்னோல்டு, புதினங்களும் நாடகங்களும் எழுதிப் புகழ் பெற்றவர். தந்தையார் சென்ற வழியே மைந்தரும் சென்றார். 1915-இல் படைப்பொறியாளர் பிரிவிற் சேர்ந்து, பிரான்சு நாட்டுப் போர்க்களங்களில் மூன்றாண்டுகள் கழித்தார். போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பொறியியல் பயின்று மீண்டும் படைக்குத் திரும்பினார்.

1926-ஆம் ஆண்டு அவர் எகிப்துக்கு மாற்றப்பட்டார். கெய்ரோ நகரிலிருந்த படை அலுவலர் பலர்க்கு ஓய்வு நாட்கள் விளையாட்டிலும் விருந்திலும் கழிந்தன. பாக்னோல்டும் அவர்தம் நண்பர் சிலரும் வேறு வழி நாடினர். விலை குறைந்த போர்டு வண்டிகளைத் தம் பொருள் கொண்டே வாங்கி, விடுமுறை தோறும் நகரத்தை விட்டு வெளியேறினர். முதலிற் சீனாய்ப் பாலைக்கும் பாலஸ்தீனத்திற்கும் சென்றனர். பின்னர் மேற்கே திரும்பினர். அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இலர். முந்திய போரில் ஆங்கிலேயரின் சிறு மோட்டார்ப் படையொன்று மேற்குப் பாலையின் ஓரங்களிற் சுற்றியதுண்டு. அப்படையினர் விட்டுச் சென்ற சில உபாயங்களே அவர்களுக்கு முதற் பாடம். மற்றவற்றை மணலே கற்பித்தது. வண்டிகள் புதைந்தன, தோண்டி எடுத்தனர். மீண்டும் புதைந்தன, மீண்டும் தோண்டினர்.

தோண்டிக் கற்ற பாடங்கள்

பாலையிற் புதிதாகப் புகுவோர்க்கு முதற் பகை மணல் அன்று, தம் பதற்றமே என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். சக்கரம் புதையத் தொடங்கியவுடன் இயந்திரத்தை மேலும் முடுக்கினால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அதனை உடனே நிறுத்திவிட்டு, அனைவரும் இறங்கி, சக்கரங்களின் முன் கிடக்கும் மணலைக் கையாலும் மண்வாரியாலும் அகற்றல் வேண்டும். பின்னர்ப் பின்சக்கரங்களின் அடியில் உறுதியான பொருள் ஒன்றை இட்டு, எல்லோரும் சேர்ந்து தள்ளுதல் வேண்டும். அப்பொருளைத் தேடிய பாக்னோல்டு, கெய்ரோவில் பழைய இரும்புக் கடை ஒன்றில், போர்க்காலத்தில் பதுங்கு குழிகளுக்குக் கூரையாக இட்ட எஃகுத் தகட்டுத் தொட்டிகளைக் கண்டார். அவையே பின்னாளில் பாலை வண்டிகள் எல்லாம் சுமந்து செல்லும் மணற்பலகைகள் ஆயின.

இரண்டாவது பகை வண்டியின் பாரம். பாக்னோல்டின் குழுவினர் கூரை, கதவு, முன்கண்ணாடி முதலியவற்றைக் கழற்றி எறிந்தனர். அவ்வாறு குறைந்த எடைக்கு ஈடாக நீரும் பெட்ரோலும் ஏற்றிக்கொண்டனர். டயர்களிற் காற்றைக் குறைத்தனர். காற்றுக் குறைந்த டயர் அகன்று பரவுவதால், மணலைக் கீறாமல் அதன்மேல் மிதந்து செல்லும். நடையில் ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்யும் வேலையும் இதுவே.

மூன்றாவது பகை நீர்க்குறை. இயந்திரம் கொதிக்கும்போது அதன் குளிர்நீர் ஆவியாய் வெளியேறி வீணாகும். அந்த ஆவியை ஒரு குழாய் வழியே வண்டியின் பக்கத்திற் கட்டிய, பாதி நீர் நிறைந்த தகரக் கலத்துள் செலுத்தினர். ஆவி அங்கே குளிர்ந்து நீராயிற்று. இயந்திரம் ஆறியபின் அந்நீர் தானே உறிஞ்சப்பட்டு மீண்டும் உள்ளே சென்றது.

நான்காவது, திசை. இரும்பு வண்டியின்மேல் காந்த ஊசி பொய் சொல்லும். ஆதலின் பாக்னோல்டு சூரியத் திசைகாட்டி ஒன்றைத் திருத்தி அமைத்தார். பாகைகள் குறித்த வட்டத் தட்டின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஊசியின் நிழலை, நேரத்திற்கேற்ற கணக்கோடு ஒப்பிட்டு, வண்டி ஓடும்போதே திசையறியலாம். கோடை நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்க நிழல் குறுகிவிடுமாதலால், அப்பொழுது பயணம் நிறுத்தி இளைப்பாறுவர். இரவில் விண்மீன்களை அளந்து தாம் நிற்கும் இடத்தைக் கணிப்பர்.

இவை அனைத்தினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. பாலையில் தனி வண்டி செல்லலாகாது. ஒன்று பழுதானால் மற்றொன்று மீட்கவேண்டும். சேர்ந்து செல்லும்போதும் மென்மணலில் ஒன்றன் சுவட்டிலேயே மற்றொன்று செல்லாமல் விசிறி போல் விரிந்து செல்லவேண்டும். முன்வண்டி உடைத்த மேற்பரப்பிற் பின்வண்டி புதையும். ஆயினும் ஒருவரை ஒருவர் கண்பார்வையில் வைத்திருத்தல் வேண்டும். கடைசி வண்டி எவ்வளவு தூரம் வந்ததோ, அவ்வளவே அக்குழு வந்த தூரம்.

குன்றின்மேல்

1928 முதல் பாக்னோல்டு இந்தியாவில் பணியாற்றினார். எனினும் விடுமுறை பெற்று எகிப்துக்கு வந்து, 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் நண்பரோடு மணற்கடலை நோக்கிச் சென்றார். 300 அடிக்கு மேலும் உயர்ந்து நிற்கும் மணற்குன்றின்மேல் மோட்டார் வண்டி ஏறும் என்று அந்நாளில் நம்பியவர் அரியர். ஐன் தல்லா என்னும் நீரூற்றைக் கடந்து சென்றபோது, அத்தகைய குன்றுநிரை வழிமறித்து நின்றது. பாக்னோல்டு தம் வண்டியை மணிக்கு 40 மைல் அளவிற்கு விரைவுபடுத்தி, மஞ்சள் நிறச் சுவர் போன்ற சரிவை நோக்கி நேரே செலுத்தினார். வெயிலின் ஒளியில் சரிவு எங்கே தொடங்குகிறது என்பதும் கண்ணுக்குப் புலனாகவில்லை. மோதுவோம் என்று எண்ணிய கணத்தில் வண்டி பின்சாய்ந்து, மின்தூக்கி போல மேலே எழுந்தது. சிறிது நேரத்தில் அவர்கள் குன்றின்மேல் நின்றனர்.

இம்முறையிற் பெருநன்மை இருந்தது போலவே பேராபத்தும் இருந்தது. விரைவின்றி ஏற இயலாது. ஆனால் உச்சியின் அப்பால் என்ன உளது என்பது ஏறும்வரை தெரியாது. காற்றுவீசும் புறம் மெல்லச் சரிந்திருக்க, மறுபுறம் மதில் போல் வீழ்ந்திருக்கும். விரைவு அடங்காமல் உச்சியைத் தாண்டிய வண்டி கவிழ்ந்து உருளும். சரிவின் குறுக்கே திருப்பினும் அதுவே நேரும். 1942-இல், பாக்னோல்டு பயிற்றிய படையின் வண்டியொன்று கூரிய குன்றுமுனையைத் தாண்டி வீழ்ந்தமையால், ஓட்டியவர் முதுகெலும்பு முறிந்து நடக்கமாட்டாதவர் ஆயினார். எவ்வளவு பழகினவர்க்கும் மணல் சலுகை காட்டுவதில்லை.

1932-இல் அவர்கள் சூடான் வரை சென்று மீண்டனர். ராயல் புவியியற் கழகம் பாக்னோல்டிற்குப் பொற்பதக்கம் அளித்தது. 1935-இல் தம் பயணங்களை ஒரு நூலாக வெளியிட்டார்.

காற்றும் மணலும்

பாக்னோல்டின் உள்ளத்தில் ஒரு வினா நிலைத்திருந்தது. ஒரே குன்றில் ஓரிடம் கற்றளம் போல் வண்டியைத் தாங்குகிறது. அடுத்த அடியில் வண்டி அச்சுவரை புதைகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இது ஏன்? 1935-இல் படையினின்றும் விலகியபின், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தம் கையாலேயே அமைத்து, அதனுள் மணலைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார்.

மணல் புழுதியைப் போல வானிற் பறப்பதன்று. துள்ளித் துள்ளிச் செல்வது என்று அவர் கண்டார். ஒரு மணி எழும்பி, காற்றால் உந்தப்பட்டு, தாழ்ந்து வீழ்ந்து, வீழ்ந்த இடத்தில் வேறு மணிகளை எழுப்புகிறது. இந்தத் துள்ளல் பெரும்பாலும் தரையினின்று மூன்றடிக்குள் அடங்குவது. தரையை இழுக்கும் காற்றின் விசைவேகம் இருமடங்கானால், செல்லும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். காற்றுவீசும் புறத்தில் மணிகள் ஒவ்வொன்றாக வந்து மோதி, இடைவெளிகளிற் செறிந்து அமைவதால் அப்பரப்பு உறுதிபெறுகிறது. மறுபுறத்திலோ உச்சியைக் கடந்த மணல் குவிந்து, சரிவு ஏறத்தாழ 34 பாகையை எட்டியவுடன் பொலபொலவென்று சரிந்து கிடக்கிறது. ஆதலால் அது நெகிழ்ந்தது. வண்டியோட்டி அறியவேண்டிய இரகசியம் முழுவதும் இதனுள் அடங்கும். 1938-இல் மீண்டும் பாலைக்குச் சென்று தம் முடிவுகளைச் சோதித்தார். 1941-இல் வெளிவந்த அவர்தம் மணலியல் நூல் அத்துறைக்கு மூலநூலாய் விளங்குகிறது. 1944-இல் அவர் ராயல் சங்கத்தின் உறுப்பினராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போர்க்காலம்

1939-இல் போர் மூண்டபோது பாக்னோல்டு மீண்டும் அழைக்கப்பட்டுக் கீழை ஆப்பிரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். அவர் சென்ற கப்பல் நடுக்கடலில் மற்றொன்றோடு மோதியமையால் போர்ட் சையதில் தங்க நேர்ந்தது. அவ்விபத்தே அவரை எகிப்தில் நிறுத்தியது. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரிற் புகுந்தவுடன், பாலை வழியே பகைவர் பின்புறம் செல்லவல்ல சிறு படையொன்று வேண்டும் என்று வேவல் தளபதியிடம் எடுத்துரைத்தார். தளபதி இசைந்து ஆறு வாரத் தவணை அளித்தார்.

அப்படைக்கு நியூசிலாந்து வீரர் தாமே முன்வந்தனர். அவருட் பலர் பண்ணைகளில் வளர்ந்தவர், இயந்திரங்களோடு பழகியவர், ஆயினும் பெருமணற்கடலை முன்பு கண்டறியாதவர். நாற்பத்து நான்கு வயதினராகிய பாக்னோல்டும் அவர்தம் பழைய தோழரும், தாம் பல ஆண்டுகள் புதைந்தும் தோண்டியும் கற்றதனை இப்புதியோர்க்குச் சில வாரங்களிற் கற்பித்தனர். குறித்த தவணைக்குள் நெடுந்தூரப் பாலைப் படை புறப்பட்டது. 1941 ஜனவரி 31-ஆம் நாள் ஜெபல் ஷெரிப் என்னுமிடத்தில் அதன் ஒரு பிரிவு தாக்குண்டு வண்டிகளை இழந்தது. அவ்விடத்தில் தனித்துவிடப்பட்ட நால்வர், மூர் என்னும் வீரரின் தலைமையில், இரண்டு காலனுக்கும் குறைந்த நீரோடு, பத்து நாட்களில் 200 மைல் நடந்தனர். அவருள் ஒருவர் உயிர் நீத்தார், மூவர் பிழைத்தனர்.

இங்கே நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழாமற் போகாது. எவர்க்கும் தீங்கின்றி, அறியும் ஆவலொன்றே தூண்டத் தேடிய அறிவு, இறுதியிற் போர்க் கருவியாயிற்றே! இதனை நன்று என்பதா, தீது என்பதா? நம்மால் எளிதில் முடிவு கூற இயலவில்லை. கத்தி செய்தவன் கனியறுக்கச் செய்யினும், அதனைக் கொள்ளும் கை காலத்தின் கையாகிறது. ஆயினும் 1941-இன் இடையில் படைத்தலைமையைப் பிறரிடம் ஒப்புவித்த பாக்னோல்டு, போருக்குப் பின் வெற்றிகளைப் பாராட்டித் திரியவில்லை என்பதையும், எஞ்சிய நாற்பத்தைந்து ஆண்டுகளையும் ஆற்றிலும் கடலிலும் காற்றிலும் மணல் செல்லும் நெறியை ஆராய்வதிலேயே செலவிட்டார் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இறுதி நாட்கள்

1946-இல் மணம் புரிந்து மக்கள் இருவரைப் பெற்றார். 1977-இல், எண்பத்தொரு வயதில், பூமியின் பாலைகளையும் செவ்வாய்க் கோளின் பாலைகளையும் ஒப்பிட்டு ஆராய நாசா நிறுவனம் கூட்டிய அவையிற் சிறப்புரை ஆற்றினார். 1990 மே 28-ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2015-இல், கியூரியாசிட்டி என்னும் இயந்திர ஊர்தி செவ்வாய்க் கோளில் நகரும் மணற்குன்றுகளை அணுகி ஆராய்ந்தது. அக்குன்றுகளுக்கு இடப்பட்ட பெயர் பாக்னோல்டு குன்றுகள். அவ்வூர்தியின் சக்கரங்களும் மணலிற் புதையாதிருக்க வேண்டுமன்றோ!

முடிவுரை

மாணாக்கராகிய நாம் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது யாது? பாக்னோல்டு மணலைப் பகைத்து வென்றவர் அல்லர். அதன் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகியவர். புதையுண்டபோது வெகுளாமல், ஏன் புதைந்தோம் என்று வினவினார். அவ்வினாவே ஓய்வுநாள் விளையாட்டை ஒரு விஞ்ஞானமாக்கியது. நாமும் கல்வியென்னும் பெருவெளியில் புதிதாகப் புகுந்துள்ளோம். நம் சக்கரங்களும் அடிக்கடி புதைகின்றன. ஆண்டிறுதித் தேர்விற் பின்தங்கிய தோழரை விட்டுவிட்டு முன்னே விரைவோரும் நம்மிடையே உண்டு. அத்தகையோர் பாலையில் ஒருநாள் வாழ்தல் அரிது. கடைசி வண்டி வந்து சேர்ந்ததா என்று திரும்பிப் பார்த்துச் செல்லும் குழுவே மணற்கடலைக் கடந்தது. நாமும் அவ்வாறே திரும்பிப் பார்த்துச் செல்வோமாக.