நடுக்கத்தை உற்றுப் பார்த்த டாக்டர்

குடியாத்தம் லுங்கிக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் உட்காருகிறவருக்குக் கைதான் மூலதனம். கை நடுங்கினால் இழை அறும். இழை அறுந்தால் கூலி குறையும்.

வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்கினால் நாம் என்ன நினைக்கிறோம்? வயதாகி விட்டது என்று நினைக்கிறோம். நரம்புத் தளர்ச்சி என்று நினைக்கிறோம். அதோடு விட்டு விடுகிறோம்.

அது தவறு. நடுக்கம் எல்லாம் ஒரே நடுக்கம் அல்ல!

பல நடுக்கங்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்து, உலகத்துக்குக் காட்டியவர் ஒரு லண்டன் டாக்டர். அவர் பெயர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

ஏழைகளின் டாக்டர்

பார்க்கின்சன் 1755-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி பிறந்தார். லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டன் அவருடைய ஊர். தகப்பனாரும் வைத்தியர். மகன் அவரிடமே தொழில் பழகினார். கடைசி வரை அதே பகுதியில் வைத்தியம் செய்தார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஏழைகளுக்கு ஓட்டு இல்லை. அவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று பார்க்கின்சன் வாதாடினார். புனைபெயர் வைத்துக்கொண்டு, சர்க்காரைக் கண்டித்துச் சிறு நூல்கள் எழுதினார்.

1794-ல் பெரிய ஆபத்து வந்தது. விஷ அம்பு எய்து மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாக அவருடைய நண்பர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். மந்திரிகள் கூடிய சபைக்குப் பார்க்கின்சனும் அழைக்கப்பட்டார். அவர் ஓடி ஒளியவில்லை. நேரில் போய்ச் சாட்சி சொன்னார். அவர்மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை.

பிறகு அவர் கவனம் வேறு பக்கம் திரும்பியது. கல்லாய்ச் சமைந்த பழங்காலப் பிராணிகளைச் சேர்த்தார். அவற்றைப் பற்றி மூன்று பெரிய புத்தகங்கள் எழுதினார். குடும்பங்கள் படித்துப் பயன் பெற வைத்தியப் புத்தகமும் எழுதினார்.

ஆறு மனிதர்கள்

1817-ல் அவர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். மொத்தம் 66 பக்கம். அதுதான் அவர் பெயரை நிலைநாட்டியது.

அதில் ஆறு பேரைப் பற்றி எழுதினார். சிலரைத் தெருவில் பார்த்தார். நிறுத்தி விசாரித்தார். ஒருவரைத் தூரத்தில் இருந்து மட்டுமே பார்த்தார்.

சும்மா வைத்திருக்கும்போது கை நடுங்குகிறது. உடம்பு முன்னால் வளைகிறது. நடை மெல்ல மெல்ல ஓட்டமாக மாறுகிறது. இவை தனித்தனி வியாதிகள் அல்ல, ஒரே வியாதியின் அடையாளங்கள் என்று அவர் கண்டார்.

கருவி எதுவும் இல்லை. கண்தான் கருவி!

ஆனால் வியாதி உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. கழுத்துப் பக்கத்து முதுகுத் தண்டில் இருக்கலாம் என்று ஊகித்தார். மற்ற டாக்டர்கள் ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1824-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி காலமானார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஷார்கோ என்ற பிரான்சு நாட்டு டாக்டர், அந்த வியாதிக்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார்.

கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும்

வியாதியின் இடம் 1919-ல் தெரிந்தது. மூளையின் அடிப்பகுதியில் கறுப்பான ஓர் இடம் உண்டு. அங்கே உள்ள செல்கள் அழிகின்றன. அவை சுரக்கும் டோபமைன் என்ற பொருள் குறைந்து போவதை 1960-ல் கண்டார்கள்.

இதெல்லாம் இறந்தவர்களின் மூளையில் பார்த்தது. உயிரோடு இருப்பவர் மூளையில் டோபமைன் வேலையை 1983-ல் கனடா விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள்.

இப்போது அதற்குத் தனி ஸ்கேன் உண்டு. ஊசி மூலம் ஒரு மருந்தைச் செலுத்துகிறார்கள். அது டோபமைன் நரம்புகளின் நுனியில் போய் ஒட்டுகிறது. காமிரா படம் எடுக்கிறது.

நல்ல மூளையில் இரண்டு கால்புள்ளிகள் தெரியும். பார்க்கின்சன் வியாதியில் கால்புள்ளியின் வால் மறையும். முற்றுப்புள்ளி போல ஆகிவிடும்!

சிலருக்குச் சும்மா இருக்கும்போது கை நடுங்காது. காப்பி டம்ளரைத் தூக்கினால் நடுங்கும். இது பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். இவர்களுக்குக் கால்புள்ளி அப்படியே இருக்கும். இது வேறு வியாதி. சில மாத்திரைகளாலும் நடுக்கம் வரும். அதிலும் கால்புள்ளி கெடாது. டாக்டர் மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் குணமாகும்.

தேன்சிட்டு அடையாளம்

இந்த ஸ்கேனையும் ஏமாற்றும் வியாதிகள் உண்டு. அவற்றிலும் கால்புள்ளி கெடும். அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும்.

ஒரு வியாதியில் நோயாளி தொடக்கத்திலேயே அடிக்கடி கீழே விழுவார். அவருடைய நடுமூளை சுருங்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில், அது தேன்சிட்டின் தலையும் அலகும் போலத் தெரியும். இன்னொரு வியாதியில் மூளைத் தண்டில் சிலுவைக் குறி தெரியலாம். தலைக்குள் நீர் கோத்து நடை தடுமாறினால், அதையும் படம் காட்டும். அதற்கு ஆபரேஷன் உண்டு.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். வைத்தியம் மாறுகிறதே! பார்க்கின்சன் வியாதிக்கு நன்றாகக் கேட்கும் மாத்திரை, தேன்சிட்டு வியாதிக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊரான வேலூருக்கு, மூளை வைத்தியத்தில் தனிப் பெருமை உண்டு. கனடாவில் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை வைத்தியப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் மூளை அறுவை டாக்டர் அவர்.

நடுங்குகிற எல்லோருக்கும் ஸ்கேன் தேவை இல்லை. முதலில் டாக்டர் கண்ணால் பார்ப்பார். நடக்கச் சொல்லுவார். கையை நீட்டச் சொல்லுவார். சந்தேகம் இருந்தால்தான் படம். பார்க்கின்சன் காட்டிய வழி இன்றும் முதல் வழி.

ஓர் ஆச்சரியம் உண்டு. பார்க்கின்சன் முகம் எப்படி இருந்தது என்று இன்று யாருக்கும் தெரியாது. அவருடைய படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை!

அவர் பெயர் கொண்ட வியாதியோ, இன்று படத்தில் தெரிகிறது. ஆகவே நடுங்கும் கையை வயதின் கோளாறு என்று தள்ள வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.